நாக்குப் பார்க்கிறவன்

ஞாயிற்றுச் சந்தையில் உன்னைக் கேட்காமல்
ஒரு பன்றியும் கைமாறாது, நிக்கானோர்.
முழங்காலால் கழுத்தை அமுக்கி
தாடைக்குக் குறுக்கே யூகலிப்டஸ் கம்பைக் கொடுத்து
துணி சுற்றிய கையால் நாக்கை இழுத்து
அடிப்புறத்தைத் தடவுவாய்.
அலறல் மலையில் மோதித் திரும்பும்.
நீ கண்ணை மூடிக்கொள்வாய், விரல்தான் பார்க்கும்.
அரிசி இருக்கிறது, என்பாய்.
அதோடு விலை பாதி.

பாதி விலைக்கு வந்த ஒன்றை
போன கார்னிவலுக்கு முந்தின கார்னிவலில்
நாமே பொரித்தோம்.
அன்றைக்கு மழை. விறகு ஈரம்.
நீ பசி பொறுக்காதவன்,
வெந்ததும் வேகாததுமாய் எடுத்துத் தின்றாய்.
எனக்கு அடிச்சட்டியில் கருகியதுதான் பிடிக்கும்.

முதலில் ஒரு நகத்துண்டு நிழல்,
வலது கண்ணில்.
கிழங்கு தரம் பிரிக்கையில்
எல்லாக் கிழங்கிலும் ஒரே இடத்தில் அழுகல்.
நல்லதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன் என்று
உன் தங்கை எவாரிஸ்தா கத்தினாள்.
பிறகு அவளே தன் முலைப்பாலைப் பீய்ச்சி
என் கண்ணில் விட்டாள்.
நிழல் அசைந்தது.
வெயிலுக்குச் சுருங்கியது,
இருட்டில் கழுத்தை நீட்டியது.

லிமாவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பேருந்து.
டாக்டர் இபார்ரா விளக்கை என் கண்ணில் ஊன்றி
வெகுநேரம் பேசவில்லை.
வந்து பாருங்கள், என்று உன்னைக் கூப்பிட்டார்.
தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாய்.
என் இன்னொரு கண்ணுக்கு
உன் காதுமடல் மட்டும் தெரிந்தது.
சிவந்தது. வெளுத்தது.
அரிசி, என்றாய்.
அது சந்தைக் குரல் இல்லை.

மருந்து கொடுத்துக் கொல்லக் கூடாதாம்.
உள்ளே செத்தால் கண்ணையும் கூட்டிக்கொண்டு போகுமாம்.
உயிரோடு எடுக்க வேண்டும், பிள்ளையை எடுப்பதுபோல,
என்றார் டாக்டர்.
நமக்குப் பிள்ளையில்லை என்பது அவருக்குத் தெரியாது.

கறி தின்று நேராகக் கண்ணுக்கு வருவதில்லை,
வயிற்றில் நாடாப்புழு இருக்கிற யாரோ ஒருவர்
கையிலிருந்து முட்டை வந்திருக்கும், என்றார்.
வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா,
மூடியோடு, பெயர் எழுதி.
எவாரிஸ்தா சிரித்துச் சிரித்து வாங்கினாள்.
அவளுடையதில் ஒன்றுமில்லை.
என்னுடையதிலும்.
உன் டப்பாவைப் பற்றி நர்ஸ்
ஸ்பானிய மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னாள்,
உனக்குப் புரியாது என்று நினைத்து.

கண் மரத்தது, பார்வை மரக்கவில்லை.
என் கண்ணுக்குள் ஊசி நடப்பதை
நானே பார்த்தேன், கலங்கிய ஏரியில் துடுப்புபோல.
அது ஒதுங்கியது, அது மறுபடி ஒதுங்கியது,
பிறகு ஒதுங்க இடமில்லை.

குப்பியில் காட்டினார்கள்.
முத்து. உப்புநீரில் மெல்லத் தலை நீட்டி
எங்களைப் பார்ப்பதுபோல் நின்றது.
உன்னிலிருந்து வந்து என்னில் வளர்ந்தது
இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.
நீ வெளியே போய்விட்டாய்.

ஊர் திரும்பியதிலிருந்து உனக்குத் தனித் தட்டு.
மாத்திரை விழுங்கியாயிற்று,
புழு போயிற்று, இரண்டு முறை சோதித்தும் ஆயிற்று.
இன்னமும் கழுவுகிறாய்,
உறைபனித் தண்ணீரில், மணிக்கட்டு வெடிக்கும்வரை.
சந்தையில் ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்கள்.
என் விரலுக்கு ஒன்றும் தெரியாது,
என்று திருப்பி அனுப்புகிறாய்.

அவித்த கிழங்கைத் தோலுரித்து, ஊதி
வயலில் நின்றபடியே என் வாயில் வைப்பாயே,
அதில்தான் வந்திருக்கும்.
நான் கணக்குப் போட்டுவிட்டேன்.
நீயும் போட்டிருப்பாய்.

வலது கண்ணில் இப்போது பாதி வெளிச்சம்.
அந்தக் கண்ணுக்கு எல்லாக் கிழங்கும் நல்ல கிழங்கு.

கழுவியது போதும், நிக்கானோர்.
கையைத் துடைத்துக்கொண்டு வா.
சட்டியை இறக்கிவிட்டேன்.
சுடச்சுட உரிக்க
எனக்கு விரல் தாங்காது.